கையெலும்பும் காலெலும்பும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

முழங்கை, முழங்கால். உள்ளங்கை, உள்ளங்கால். புறங்கை, புறங்கால். இந்தப் பெயர்களை வைத்தவர்கள் எலும்பைப் பிரித்துப் பார்த்திருக்க மாட்டார்கள். ஆனாலும் கையும் காலும் ஒரே அச்சில் வார்த்தவை என்பது அவர்கள் கண்ணில் பட்டிருக்கிறது. அந்த அச்சு எலும்பு வரை எப்படிச் செல்கிறது, எங்கே பிரிகிறது என்பதைப் பற்றி மாணவர்களும் மற்றவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை.

கையில் எத்தனை எலும்பு? ஓரிடத்தில் 27 என்கிறார்கள், ஓரிடத்தில் 30, இன்னோரிடத்தில் 32. எதை நம்புவது?

மூன்றும் சரி. குழப்பம் "கை" என்ற சொல்லில்தான். தமிழில் தோளிலிருந்து விரல்நுனி வரை எல்லாமே கை. மணிக்கட்டுக்குக் கீழே உள்ளதும் கை. மணிக்கட்டிலிருந்து நுனி வரை மட்டும் எண்ணினால் 27: மணிக்கட்டில் 8, உள்ளங்கையில் 5, விரல்களில் 14. முழங்கைக்குக் கீழே இருக்கும் ரேடியஸ், அல்னா என்ற இரண்டையும், மேலே இருக்கும் மேற்கை எலும்பையும் கூட்டினால் 30. கையை உடம்போடு கோக்கும் தோள்பட்டை எலும்பையும் காறை எலும்பையும் சேர்த்தால் 32. தேர்வு எழுதுகிறவர்கள், கேட்டவர் எந்தக் கையைக் கேட்கிறார் என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

காலுக்குக் கணக்கு என்ன?

பாதத்தில் 26: கணுக்காலில் 7, உள்ளங்காலில் 5, விரல்களில் 14. அதற்கு மேல், முழங்காலுக்குக் கீழே இருக்கும் டிபியா, ஃபிபுலா என்ற இரண்டு, முழங்கால் சில்லு, தொடை எலும்பு. மொத்தம் 30. இடுப்பெலும்பையும் சேர்த்தால் 31.

கைக்கும் 30, காலுக்கும் 30 என்று வருவது பார்க்க அழகாக இருக்கிறது. ஆனால் ஒன்றுக்கு ஒன்று நேராக வைத்தால் இரண்டு இடத்தில் இடிக்கும். மணிக்கட்டில் எட்டு, கணுக்காலில் ஏழு. முழங்காலில் ஒரு சில்லு, முழங்கையில் அது கிடையாது. கூடுதலும் குறைவும் ஒன்றையொன்று ஈடுகட்டிவிடுகின்றன. இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. மணிக்கட்டின் எட்டாவது எலும்பு, சுண்டுவிரல் பக்கம் உள்ளங்கை தொடங்குமிடத்தில் பட்டாணி போல் கைக்குத் தட்டுப்படுவது. அதையும் தசைநாணுக்குள் உருவாகும் சில்லு வகை எலும்பாகத்தான் பொதுவாக வகைப்படுத்துகிறார்கள். ஆக இரு பக்கமும் கணக்கில் மிஞ்சி நிற்பது ஒரு சில்லு.

வளர்ந்த மனிதருக்கு வழக்கமாகச் சொல்லப்படும் 206 எலும்புகளில், மணிக்கட்டிலிருந்து நுனி வரை உள்ள இரண்டு கையும் இரண்டு பாதமும் மட்டும் 106. பாதிக்கு மேல் எலும்பு நம் நுனிகளில்தான் இருக்கிறது.

எந்தக் கையெலும்புக்கு எந்தக் காலெலும்பு இணை?

மேலிருந்து கீழே வாருங்கள். தோள்பட்டை எலும்புக்கு இடுப்பெலும்பின் மேல்பகுதி. மேற்கை எலும்புக்குத் தொடை எலும்பு. மணிக்கட்டு எலும்புகளுக்குக் கணுக்கால் எலும்புகள். உள்ளங்கை ஐந்துக்கு உள்ளங்கால் ஐந்து. விரல்களில் 14க்கு 14. கட்டைவிரலுக்கு இரண்டு துண்டு, மற்ற நான்குக்கும் மும்மூன்று. காலிலும் அதே பங்கீடு. கால் சுண்டுவிரலில் மட்டும் பலருக்குக் கடைசி இரண்டு துண்டுகள் ஒட்டி ஒன்றாகவே இருக்கும்; அது நோய் ஒன்றும் இல்லை.

புதிதாகப் படிப்பவர்கள் சறுக்குவது நடுவில் இருக்கும் இரண்டு எலும்புகளில். முழங்கையில் முக்கியமாகப் பூட்டிக்கொள்வது அல்னா. முழங்காலில் பூட்டிக்கொள்வது டிபியா. அதனால் அல்னாவும் டிபியாவும் ஜோடி என்று எழுதிவிடுகிறார்கள். அது தவறு. கட்டைவிரல் பக்கத்து எலும்பு எது, கால் பெருவிரல் பக்கத்து எலும்பு எது என்று பாருங்கள். ரேடியஸ் கட்டைவிரல் பக்கம், டிபியா பெருவிரல் பக்கம். இவை ஒரு ஜோடி. சுண்டுவிரல் பக்கம் அல்னாவும் ஃபிபுலாவும் இன்னொரு ஜோடி.

இதில் வேலைப் பங்கீடு மாறிப்போயிருப்பதுதான் சுவையான விஷயம். கையில் இரண்டு எலும்புகளும் பொறுப்பைப் பிரித்துக்கொள்கின்றன: மேல்முனையில், முழங்கையில், அல்னா பெரிது, கீழ்முனையில், மணிக்கட்டில், ரேடியஸ் பெரிது. காலில் டிபியா இரண்டு முனையிலும் தானே தாங்குகிறது. ஃபிபுலா முழங்கால் மூட்டுக்குள் நுழைவதே இல்லை. கீழே வெளிக்கணுவாக வந்து கணுக்கால் மூட்டுக்கு ஒரு பக்கச் சுவராக நிற்கிறது, அவ்வளவுதான். உடல் எடையில் அது சுமப்பது சிறு பங்கு.

முழங்கை பின்னால் பார்க்கிறது, முழங்கால் முன்னால் பார்க்கிறது. ஒரே அச்சு என்றால் இது எப்படி?

கருவில் நான்காவது வாரம் கையும் காலும் சிறு மொட்டுகளாகத் துளிர்க்கின்றன. கை மொட்டு முதலில், கால் மொட்டு ஓரிரு நாள் பிந்தி. அப்போது நான்கும் பக்கவாட்டில் துடுப்பு போல நீட்டிக்கொண்டிருக்கும். கட்டைவிரல் வரப்போகும் ஓரமும் பெருவிரல் வரப்போகும் ஓரமும் தலையை நோக்கி இருக்கும். முழங்கை, முழங்கால் இரண்டும் பார்ப்பது வெளிப்பக்கம். இந்தக் கட்டத்தில் கையையும் காலையும் பிரித்துச் சொல்வதே சிரமம்.

ஆறாவது வாரத்திலிருந்து எட்டாவது வாரத்துக்குள் இரண்டும் எதிரெதிர்ப் பக்கம் திரும்புகின்றன. கை ஏறத்தாழ 90 பாகை வெளிநோக்கித் திரும்புகிறது. முழங்கை பின்னால் போகிறது. கால் 90 பாகை உள்நோக்கித் திரும்புகிறது. முழங்கால் முன்னால் வருகிறது. கையை நீட்டும் தசை மேற்கையின் பின்புறத்திலும், காலை நீட்டும் தசை தொடையின் முன்புறத்திலும் இருப்பதற்குக் காரணம் இதுதான். உள்ளங்கையை முன்னால் காட்டி நின்றால் கட்டைவிரல் வெளியே, பெருவிரல் உள்ளே என்று மாறி இருப்பதற்கும் இதுவே காரணம்.

தரையில் கையூன்றி, குழந்தை தவழ்வது போல இருந்து பாருங்கள். கட்டைவிரல்கள் உள்பக்கம் வந்துவிடும், பெருவிரல்களைப் போலவே. ஆனால் கால் அதைக் கருவிலேயே முழுசாகத் திரும்பிச் சாதித்துவிட்டது. கை அப்படித் திரும்பவில்லை. ரேடியஸை அல்னாவின் மேல் குறுக்கே போட்டு ஒவ்வொரு முறையும் புதிதாகச் செய்துகொள்கிறது.

அப்படியானால் காலை ஏன் கையைப் போலப் புரட்ட முடியவில்லை?

மணிக்கட்டைப் புரட்டும்போது உண்மையில் மணிக்கட்டு சுழல்வதில்லை. ரேடியஸின் மேல்முனை சிறு வட்டத் தட்டு போன்றது. அது ஒரு தசைநார் வளையத்துக்குள் உருள்கிறது. கீழ்முனை அல்னாவைச் சுற்றி வருகிறது. உள்ளங்கை வானத்தைப் பார்த்தபோது இணையாக இருந்த இரண்டு எலும்பும், தரையைப் பார்க்கும்போது பெருக்கல் குறி போலக் குறுக்கிட்டு நிற்கும். ஏறத்தாழ அரைவட்டம் திரும்ப முடிவது இதனால்தான். ஒரு விரலை மற்றக் கையின் முழங்கைக்குச் சற்றுக் கீழே வெளிப்பக்கம் வைத்துக்கொண்டு உள்ளங்கையைப் புரட்டினால் ரேடியஸ் தலை உருள்வது விரலுக்குத் தெரியும்.

காலிலும் இரண்டு எலும்பு, நடுவில் அதே போன்ற சவ்வு. ஆனால் டிபியாவும் ஃபிபுலாவும் கீழே தசைநார்களால் இறுக்கிக் கட்டப்பட்டிருக்கின்றன. நிற்கும்போது எடை தாங்கும் தூண் தன் அச்சில் உருண்டால் என்ன ஆகும் என்று யோசித்தாலே போதும். பாதத்தை உள்ளேயும் வெளியேயும் சாய்க்க முடிகிறதே என்பீர்கள். அந்த அசைவு கணுக்காலுக்குக் கீழே, டாலஸ் என்னும் கணுவெலும்புக்கும் குதிகால் எலும்புக்கும் இடையில் உள்ள மூட்டில் நடக்கிறது. மேடுபள்ளத்தில் கால் பதிய அது போதும். கதவுக் குமிழைத் திருக அது போதாது.

முழங்காலுக்குச் சில்லு இருக்கிறது. முழங்கைக்கு ஏன் இல்லை?

முழங்கால் சில்லு தொடைத் தசையின் நாணுக்குள் பொதிந்த எலும்பு. இந்த வகையில் உடம்பிலேயே பெரியது. நாணை மூட்டிலிருந்து சற்று முன்தள்ளிப் பிடித்து, தசையின் இழுவிசைக்கு நெம்புகோல் பலம் கொடுக்கிறது. பிறந்த குழந்தைக்கு அது குருத்தெலும்பாகத்தான் இருக்கும்; எலும்பாக மாறத் தொடங்குவது சுமார் மூன்று வயதிலிருந்து ஆறு வயதுக்குள். "குழந்தைக்கு முழங்கால் சில்லே கிடையாது" என்ற துணுக்குச் செய்தி பாதி உண்மை.

முழங்கையில் அந்த நெம்புகோல் வேலையை அல்னாவே செய்கிறது. மேசையில் ஊன்றும் அந்தக் கூர்முனை அல்னாவின் மேல்முனைதான். மேற்கைத் தசையின் நாண் அதில் வந்து பிடித்துக்கொள்கிறது. தனிச் சில்லு அங்கே தேவைப்படவில்லை.

இதைப் பற்றி மரபணு ஆய்வு சொன்ன ஒரு சங்கதி எனக்கு இன்னும் வியப்பாக இருக்கிறது. கை மொட்டில் டிபிஎக்ஸ்5 என்ற மரபணு வேலை செய்கிறது. கால் மொட்டில் டிபிஎக்ஸ்4உம் பிட்எக்ஸ்1உம். டிபிஎக்ஸ்5 பழுதானால் வருவது ஹோல்ட்–ஓரம் நோய்க்குறி. 1960இல் விவரிக்கப்பட்ட அதில் கையும் இதயமும் பாதிக்கப்படும், கால்கள் நன்றாக இருக்கும். லீபன்பெர்க் நோய்க்குறி என்ற இன்னொன்று மிக அரிது. 1973இல் தென்னாப்பிரிக்காவைச் சேர்ந்த ஒரு குடும்பத்தில் முதலில் பதிவானது. காலுக்கு உரிய பிட்எக்ஸ்1 அதில் தவறிப்போய்க் கையிலும் இயங்கிவிடுகிறது. விளைவாக அவர்களுடைய கையெலும்புகள் காலெலும்பின் சாயலை எடுத்துக்கொள்கின்றன. மணிக்கட்டு எலும்புகள் கணுக்கால் எலும்புகளைப் போல அமைகின்றன. முழங்கையில் சில்லைப் போன்ற ஓர் அமைப்பும் தோன்றுகிறது. கைக்கும் காலுக்கும் வேறு வேறு வரைபடம் இல்லை. ஒரே வரைபடத்தில் யாரோ ஒரு விசையை மாற்றித் தட்டுகிறார்கள் என்பதற்கு இதைவிடக் கண்கூடான சாட்சி எனக்குத் தெரியவில்லை.

தோள் அடிக்கடி நழுவுகிறது, இடுப்பு நழுவுவதில்லை. எலும்பில் வித்தியாசமா?

ஆம், பெருமளவு எலும்பில்தான். இரண்டுமே பந்துக்கிண்ண மூட்டு. மேற்கை எலும்பின் தலை ஒரு கோளத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு. அது உட்காரும் தோள்பட்டைக் குழியோ தட்டையான சிறு தட்டு. பந்து பெரிது, தட்டு சிறிது. தசைகளும் நாண்களும் சுற்றிலும் பிடித்துக்கொண்டிருப்பதால்தான் அது அங்கே நிற்கிறது. தொடை எலும்பின் தலை கோளத்தில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு. இடுப்பெலும்பில் அதற்கு ஆழமான கிண்ணம், கிண்ணத்தின் விளிம்பில் குருத்தெலும்பு வளையம், முன்னால் உடம்பிலேயே வலுவான தசைநார். வாகன விபத்து போன்ற பெரும் விசை இல்லாமல் ஆரோக்கியமான இடுப்பு மூட்டு கழலாது.

உடம்போடு இணையும் விதமும் வேறு. இடுப்பெலும்பு முதுகெலும்பின் அடிப்பகுதியோடு நேரடியாக, அசைவே தெரியாத அளவுக்கு இறுகிக் கிடக்கிறது. தோள்பட்டை எலும்போ முதுகில் தசைகளின் நடுவே மிதக்கிறது. முழுக் கையும் எலும்புக்கூட்டோடு எலும்பு வழியாகத் தொடுவது ஒரே ஓர் இடத்தில்: காறை எலும்பு மார்பெலும்பைச் சந்திக்கும் மூட்டில். காறை என்ற கழுத்தணியின் பெயரைத் தாங்கிய மெல்லிய எலும்பு, தோளைப் பக்கவாட்டில் தள்ளிப் பிடித்திருக்கிறது. குதிரைக்கு இந்த எலும்பே கிடையாது. முன்னங்கால்கள் தசைத் தொட்டிலில்தான் தொங்குகின்றன. அதனால் ஓடலாம், ஆனால் கையைப் பக்கவாட்டில் விரிக்க முடியாது.

கருவில் முதலில் எலும்பாக மாறத் தொடங்குவதும் காறை எலும்புதான். அதன் மார்புப் பக்க முனை முழுதாக ஒட்டி முடிவதோ இருபதுகளின் நடுவில். வயதைக் கணிக்கும் தடயவியலாளர்கள் இதனாலேயே அதைத் தேடிப் பார்க்கிறார்கள்.

இடுப்பெலும்பு ஒன்றா, மூன்றா?

குழந்தையில் மூன்று, பெரியவரில் ஒன்று. மூன்றும் கிண்ணத்தின் நடுவில் சந்தித்துப் பதின்ம வயதில் ஒட்டிக்கொள்கின்றன.

கட்டைவிரல் மற்ற விரல்களைத் தொடுகிறது. கால் பெருவிரல் ஏன் தொடுவதில்லை?

இரண்டு காரணம். கட்டைவிரலின் அடியில் மணிக்கட்டு எலும்பும் உள்ளங்கை எலும்பும் சந்திக்கும் மூட்டு குதிரைச் சேணம் போல வளைந்தது; முன்பின், பக்கவாட்டு அசைவு இரண்டையும் அனுமதிக்கிறது. காலில் அதே இடத்து மூட்டு ஏறத்தாழத் தட்டை.

இரண்டாவதைப் பலர் கவனிப்பதில்லை. உள்ளங்கை எலும்புகளின் தலைகளைக் குறுக்கே கட்டும் தசைநார் ஒன்று உண்டு. கையில் அது ஆள்காட்டி விரல் முதல் சுண்டுவிரல் வரை நான்கை மட்டும் கட்டுகிறது. கட்டைவிரலை வெளியே விட்டுவிடுகிறது. பாதத்தில் ஐந்தையும் சேர்த்துக் கட்டுகிறது. சிம்பன்சியின் பெருவிரல் விலகி நிற்பதால் கிளையைப் பிடிக்கும். நம்முடையது வரிசையில் சேர்ந்துவிட்டது. நடக்கும்போது கடைசியாகத் தரையை உதைத்துத் தள்ளுவது அதன் வேலை. அதற்கேற்ப முதல் உள்ளங்கால் எலும்பு குட்டையாக, தடியாக இருக்கிறது. அதன் தலைக்கு அடியில் எள் போன்று இரண்டு குட்டிச் சில்லுகளும் உண்டு. அவை 206 கணக்கில் சேராதவை.

மணிக்கட்டும் கணுக்காலும் எலும்பளவில் எவ்வளவு வேறு?

மணிக்கட்டில் எட்டுக் கூழாங்கற்கள் இரண்டு வரிசையில். கணுக்காலில் ஏழு பாறைகள். குதிகால் எலும்பு அவற்றில் பெரியது. பாத நீளத்தில் ஏறத்தாழப் பாதி கணுக்கால் எலும்புகளுக்கே போய்விடுகிறது, விரல்கள் குட்டை. கையில் இது தலைகீழ்: நீளத்தில் பாதி விரலுக்கு, மணிக்கட்டுக்குக் கொஞ்சம்தான்.

பாதத்துக்கு வளைவும் உண்டு. உள்ஓரத்தில் ஒன்று, வெளிஓரத்தில் தாழ்வாக ஒன்று, குறுக்கே ஒன்று. கற்களை ஆப்பு வடிவில் செதுக்கி வளைவு கட்டுவது போல, நடுவில் மூன்று எலும்புகள் ஆப்பு வடிவிலேயே இருக்கின்றன. எலும்பின் வடிவம், அடியில் இழுத்துப் பிடிக்கும் தசைநார், தசை மூன்றும் சேர்ந்துதான் வளைவை நிறுத்துகின்றன. கையையும் குவிக்கலாம், ஆனால் அது நினைத்தபோது குவியும், நினைத்தபோது தட்டையாகும்.

இரண்டிலும் படகின் பெயர் கொண்ட எலும்பு உண்டு. மணிக்கட்டில் உள்ள ஸ்கேஃபாய்டு கிரேக்கப் படகு, பாதத்தில் உள்ள நேவிகுலர் லத்தீன் படகு. தமிழில் இரண்டையும் படகெலும்பு என்று எழுதி மாணவர்களைக் குழப்பாமல் இருப்பது நல்லது.

தொடை எலும்புதான் நீளமா? கையையும் காலையும் நீளத்தில் ஒப்பிடுவது எப்படி?

தொடை எலும்புதான் உடம்பிலேயே நீளம், வலிமையும் அதற்கே. உயரத்தில் சுமார் கால் பங்கு. மேற்கை எலும்பு ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு. ஆய்வாளர்கள் மேற்கை எலும்பு, ரேடியஸ் நீளங்களைக் கூட்டி, தொடை எலும்பு, டிபியா நீளங்களின் கூட்டுத்தொகையால் வகுத்து நூறால் பெருக்குவார்கள். மனிதருக்கு வருவது சுமார் 70. சிம்பன்சிக்கு நூறுக்குச் சற்று மேல், கொரில்லாவுக்கு அதைவிடவும் கூடுதல். கிளையில் தொங்கும் உயிர்களுக்குக் கை நீளம், நிமிர்ந்து நடக்கும் நமக்குக் கால் நீளம். ஆனால் பிறக்கும்போது நமக்கும் கால் குட்டைதான். கால் பிந்தித்தான் வேகம் எடுக்கிறது.

கையும் காலும் வளர்வது எந்த இடத்தில்?

நீண்ட எலும்பு இரண்டு முனைகளிலும் உள்ள வளர்ச்சித் தட்டுகளில் வளர்கிறது, ஆனால் சமமாக இல்லை. கையில் வளர்ச்சி முழங்கையை விட்டு விலகி நடக்கிறது. மேற்கை எலும்பின் நீள வளர்ச்சியில் சுமார் 80 விழுக்காடு தோள் பக்கம். ரேடியஸ், அல்னா வளர்வது பெரும்பாலும் மணிக்கட்டில். காலில் நேர்மாறு: தொடை எலும்பு சுமார் 70 விழுக்காடு முழங்கால் பக்கம் வளர்கிறது, டிபியாவும் பாதிக்கு மேல் முழங்கால் பக்கமே.

இது ஏட்டுக் கணக்கோடு நிற்பதில்லை. குழந்தைக்கு முழங்கை எலும்பு முறிந்தால் கை குட்டையாவது அரிது, கோணிப்போவதுதான் கவலை. முழங்காலருகே வளர்ச்சித் தட்டு நசுங்கினால் அந்தக் கால் குட்டையாகிவிடக்கூடும், அதனால் பல ஆண்டுகள் கண்காணிப்பார்கள். இரு கால் நீளமும் வேறுபடும் பிள்ளைகளுக்கு, நீளமான காலின் வளர்ச்சியை அடக்கும் அறுவையும் முழங்காலைச் சுற்றியே நடக்கும்.

எது அதிகம் முறியும்? எது சீக்கிரம் கூடும்?

விழும்போது நாம் கையை ஊன்றுகிறோம். அந்த அடி உள்ளங்கை வழியாக ரேடியஸின் கீழ்முனைக்குப் போகிறது. அங்கே முறிந்து மணிக்கட்டு பின்னால் விலகும் முறிவை 1814இல் அயர்லாந்து அறுவை மருத்துவர் ஆபிரகாம் கோலஸ் விவரித்தார். எக்ஸ்ரே கண்டுபிடிக்கப்பட்டது 1895இல். படமே இல்லாமல் கையால் தொட்டுப் பார்த்து எழுதியது இன்றும் அவர் பெயரில் இருக்கிறது. முதியவர்களுக்குக் காலில் ஆபத்தான இடம் தொடை எலும்பின் கழுத்து. மேற்கை எலும்பின் தலை தண்டோடு ஒட்டியே இருக்கும். தொடை எலும்புக்கோ தலைக்கும் தண்டுக்கும் இடையில் நீண்ட கழுத்து, அதுவும் சுமார் 125 பாகைச் சாய்வில். எலும்பு தேய்ந்த வயதில் முறிய வசதியான அமைப்பு.

டிபியாவின் முன்பக்கம் தோலுக்கு நேர் அடியில் கிடக்கிறது. கதவில் இடித்தால் உயிர் போவதும், முறிந்தால் எலும்பு தோலைக் கிழித்து வெளியே வருவதும் அதனால்தான். நெடுந்தூரம் அணிநடை போடும் சிப்பாய்களுக்கு உள்ளங்காலின் இரண்டாம், மூன்றாம் எலும்புகளில் மயிரிழை விரிசல் விழும்.

பெரியவர்களுக்குக் கையெலும்பு கூட ஆறு முதல் எட்டு வாரம், கால் நீளெலும்புக்கு அதைப் போல இரு மடங்கு என்பது தோராயக் கணக்கு. சிறுவர்களுக்கு இரண்டும் குறையும். இதற்கு அடங்காத இரண்டு எலும்புகள் உண்டு: மணிக்கட்டின் ஸ்கேஃபாய்டு, கணுக்காலின் டாலஸ் என்னும் கணுவெலும்பு. இரண்டின் மேற்பரப்பும் பெரும்பாலும் குருத்தெலும்பால் மூடப்பட்டது. இரத்தக்குழாய் நுழையும் இடம் குறைவு, அதுவும் பின்திரும்பி ஓடும் வழி. குறுக்கே முறிந்தால் ஒரு பாதிக்கு இரத்தம் நின்று எலும்பு மடியக்கூடும். டாலஸில் ஒரு தசைகூட ஒட்டுவதில்லை என்பதும் சேர்ந்துகொள்கிறது. விழுந்தபின் கட்டைவிரலின் அடிக்குழியில் வலி நின்றபாடில்லை என்றால், முதல் எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியாவிட்டாலும் மறுபடி மருத்துவரிடம் காட்டுவது நல்லது.

காலெலும்பை எடுத்து வேறு இடத்தில் வைப்பார்களாமே?

ஃபிபுலாவைத்தான். எடையில் சிறு பங்கே சுமப்பதால் நடுப்பகுதியை எடுத்தாலும் நடக்க முடியும். முழங்கால் பக்கத்திலும் கணுக்கால் பக்கத்திலும் ஒவ்வொரு துண்டை விட்டுவைப்பார்கள். புற்றுநோயால் எடுத்த தாடை எலும்புக்குப் பதிலாக அதை இரத்தக்குழாயோடு எடுத்துப் பொருத்துவது நடைமுறையில் உள்ள சிகிச்சை. அல்னாவை இப்படி ஈடு வைக்க முடியாது. போனால் முழங்கையே போய்விடும்.

வேலைக்குத் தகுந்தபடி எலும்பு மாறுமா?

மாறும். சுமைக்கேற்ப எலும்பு தன்னைத் திருத்திக்கொள்கிறது என்று ஜெர்மானிய மருத்துவர் ஜூலியஸ் வோல்ஃப் 1892இல் எழுதினார். சிறுவயதிலிருந்து டென்னிஸ் ஆடுபவர்களின் மட்டை பிடிக்கும் கையில் மேற்கை எலும்பின் சுவர் மற்றக் கையைவிடத் தடித்திருக்கும். விண்வெளியில் நிற்கவே தேவையில்லாதபோது இடுப்பு போன்ற எடை தாங்கும் எலும்புகள் மாதத்துக்கு 1 முதல் 1.5 விழுக்காடு வரை கரைகின்றன. கையெலும்புகளில் இழப்பு அவ்வளவு இல்லை. தரையிலும் அவை உடல் எடையைச் சுமந்தவை அல்லவே.

இந்த அமைப்பு மனிதருக்கு மட்டுமா?

ஓர் எலும்பு, பிறகு இரண்டு, பிறகு கூழாங்கற்கள், பிறகு விரல்கள்: வௌவால் இறக்கையிலும் திமிங்கிலத் துடுப்பிலும் இதே வரிசை. குதிரை நடுவிரல் நகத்தில் நடக்கிறது. 2004இல் கனடாவின் ஆர்க்டிக் பகுதியில் கிடைத்த டிக்டாலிக் என்ற மீனின் துடுப்புக்குள் மேற்கை எலும்பும் ரேடியஸும் அல்னாவும் இருந்தன. வயது சுமார் 37.5 கோடி ஆண்டு.

முழங்கையில் இடித்தால் மின்சாரம் பாய்வது போல் இருக்கிறதே, அது எந்த எலும்பு?

எலும்பு இல்லை, நரம்பு. அல்னா நரம்பு மேற்கை எலும்பின் உள்முண்டுக்குப் பின்னால் ஒரு பள்ளத்தில், தோலுக்கு மிக அருகில் ஓடுகிறது. காலிலும் இதற்கு ஒரு ஜோடி இருக்கிறது: முழங்காலின் வெளிப்பக்கம் சற்றுக் கீழே, ஃபிபுலாவின் கழுத்தைச் சுற்றிப் போகும் நரம்பு. நீண்ட நேரம் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்து எழும்போது புறங்கால் மரத்து, பாதம் தொய்ந்து தரையில் இழுபடுவதாகத் தோன்றினால், அழுந்தியது பெரும்பாலும் அந்த இடம்தான்.